இருபத்தாறு சரி, இரண்டாம் இடம்

ஜனவரி 22, திங்கள்

பைபாஸ் ரோட்டு மெட்ரிக் பள்ளிக்காரர்கள் பஸ் ஸ்டாண்டு வாசலில் பிளக்ஸ் வைத்திருக்கிறார்கள். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதப் போட்டி, எந்தப் பள்ளியிலிருந்தும் வரலாம். ஐந்தாம் வகுப்பில் முதலிடம் பெறும் பிள்ளைக்கு அவர்கள் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை இலவசப் படிப்பு. போட்டி பிள்ளைகளுக்கு, ஆனால் பிளக்ஸில் ஆள் உயரத்துக்கு நிற்பது தாளாளர். அவர் கணக்கில் எத்தனை மார்க் வாங்கினாரோ, அதையும் போட்டிருக்கலாம்.

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலிருந்து இசக்கிப்ரியாவை அழைத்துப் போகிறேன். இந்தப் பிள்ளைக்குக் கணக்கு நாக்கு நுனியில் இருக்கிறது. நான் போர்டில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, ஏதோ தப்புச் செய்தது போல வாயைப் பொத்திக்கொள்ளும். அம்மா சண்முகக்கனி தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்து ஒற்றை ஆளாக வளர்க்கிறாள். எங்கள் பள்ளி ஐந்தாவதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஏழு கிலோமீட்டர் தள்ளிப் பெரிய பள்ளிக்கூடம், பஸ் இஷ்டப்பட்டால் வரும். போன வருஷம் முடித்த பெண்களில் இரண்டு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். இசக்கிக்கு அப்படி ஆக விடமாட்டேன்.

போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு வழக்கமாகச் சொல்லும் இரண்டையும் சொன்னேன். எந்தக் கேள்வியையும் வெறுமனே விடாதே, தெரியாவிட்டாலும் எதையாவது எழுது, திருத்துகிறவர் மனமிரங்கி மார்க் போடுவார். மணி அடிக்கும்வரை இடத்தை விட்டு எழாதே. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லி வருகிறேன், ஒரு பிள்ளையும் கெட்டுப் போனதில்லை.

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்யச் சொல்லி இவரிடம் நாலு தடவை சொன்னேன். கடையில் கூட்டமாம். இரும்புக் கடையில் திங்கள்கிழமை என்ன கூட்டம் வந்து குவிந்ததோ.


ஜனவரி 24, புதன்

நிலவனும் அதே போட்டி எழுதுகிறான். என் மகன் படிப்பதே அந்தப் பைபாஸ் பள்ளியில்தானே. அரசுப் பள்ளி ஆசிரியை தன் பிள்ளையை மட்டும் தனியாரில் சேர்த்திருக்கிறாள் என்று வம்பளப்பவர்களுக்கு என் பதில் ஒன்றே ஒன்று. வேன் எங்கள் தெரு முனைக்கே வருகிறது. அந்த நேரத்தில் நான் வேறு திசையில் பஸ் பிடித்து ஓட வேண்டியவள். இதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை.

சாப்பிடும்போது ஆரம்பித்தான்.

"அம்மா, தெரியாத கணக்க விட்டுரணுமாம். தப்பாப் போட்டா ஒரு மார்க்கப் பிடிச்சிருவாங்களாம். ரெண்டு பேருக்குச் சமமா மார்க் வந்தா, பேப்பரச் சீக்கிரமாக் குடுத்தவங்கதான் ஃபர்ஸ்ட்டாம். ரெஜினா மிஸ் சொன்னாங்க."

வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசாதே என்றேன். தெரியாததை விட்டுவிட்டு எழுந்து ஓடி வா என்று சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம்! இதற்கா டேர்ம் ஃபீஸ் கட்டுகிறோம்? உருப்பட்டாற்போலத்தான்.

சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. அப்பனும் மகனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானே சாப்பிட்டுக் கண்டுபிடித்தேன்.


ஜனவரி 26, வெள்ளி

கொடியேற்றம். கயிறு பாதியில் சிக்கி, ஊராட்சித் தலைவர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். நாளைக்குப் போட்டுக்கொள்ள நல்ல யூனிஃபார்ம் இருக்கிறதா என்று இசக்கியிடம் கேட்டேன். துவைத்துக் காயப் போட்டிருக்கிறதாம்.


ஜனவரி 27, சனி

போட்டி முடிந்தது.

வந்திருந்த கூட்டத்துக்குக் குடிக்கத் தண்ணீர் வைக்கவில்லை. தாளாளரை வரவேற்க மட்டும் பூச்செண்டு இருந்தது. கூட வந்த எங்களை வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நிலவன் பாதி நேரத்தில் எழுந்து தாளை நீட்டிவிட்டு, கிரவுண்டில் இருக்கும் ஊஞ்சலுக்கு ஓடினான். அவன் மட்டுமில்லை, அந்தப் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் அப்படித்தான் எழுந்து ஓடினார்கள். காதைப் பிடித்துத் திருகினேன். "மிஸ்தாம்மா சீக்கிரம் குடுக்கச் சொன்னாங்க" என்று அழப் பார்த்தான்.

இசக்கி அவனுக்கு முன்பே முடித்துவிட்டாள். பென்சிலைக் கீழே வைத்ததை நான் பார்த்தேன். ஆனால் எழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, முதுகு வளையாமல், மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம், அது எங்கள் பள்ளிப் பிள்ளை என்று காட்டினேன். பெருமையாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது சொன்னாள், "நாலு கணக்கு தெரியல டீச்சர். நீங்க சொன்ன மாதிரி எதையோ எழுதி வச்சேன்."

சமர்த்து என்றேன். வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. மேலே கட்டம் கட்டிப் போட்டிருக்கும் விதிமுறைகள் ஆங்கிலத்தில் மட்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு விதி எதற்கு, விதிப்படி நடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.


ஜனவரி 28, ஞாயிறு

தை பிறந்தும் குளிர் போகவில்லை. மாவு புளிக்கவில்லை. இட்லி கல்லாக வந்தது.


ஜனவரி 31, புதன்

இசக்கிக்கு இரண்டாம் இடம். அயோக்கியத்தனம்.

ஆத்திரத்தில் எழுத்து கோணுகிறது. கோணட்டும். முப்பது கேள்வி. சரியான விடைக்கு மூன்று மார்க், தவறான விடைக்கு ஒன்று கழிப்பார்கள், எழுதாமல் விட்டால் பூஜ்ஜியம். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததை நின்று நிதானமாகப் படித்தேன். இசக்கி: இருபத்தாறு சரி, நாலு தப்பு. எழுபத்து நாலு மார்க். இன்னொரு பிள்ளை: இருபத்தைந்து சரி, ஒன்று தப்பு, நாலு எழுதவில்லை. அதற்கும் எழுபத்து நாலு.

சமம். சமம் வந்தால் மனுஷர்கள் என்ன செய்வார்கள்? கூடுதலாக ஒரு கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளைக்குக் கொடுப்பார்கள். மனசு பெரிதாக இருந்தால் இரண்டு பேருக்கும் கொடுப்பார்கள். இவர்கள் யார் முதலில் தாளைக் கொடுத்தது என்று பார்த்தார்களாம்! நீங்கள் நடத்தியது கணக்குப் போட்டியா, ஓட்டப் பந்தயமா? இந்த விதி வினாத்தாளில் எங்கேயும் இல்லை. அந்த ஆங்கிலக் கட்டத்தில்கூட இல்லை. தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பில் வைத்துக் காதோடு காதாகச் சொல்லியிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, எங்களைக் கூப்பிட்டுப் பந்தி போட்டிருக்கிறார்கள். அவர்கள் பள்ளிப் பிள்ளையே ஜெயித்துவிட்டால் வெளியிலிருந்து ஒரு ஏழைப் பிள்ளையைச் சேர்க்க வேண்டிய தொல்லையும் இல்லை.

முதலிடம் யாருக்கு என்று எழுதவில்லை. மு. நிலவன், ஐந்தாம் வகுப்பு, 'பி' பிரிவு.

என் மகன்தான்.

இவர் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்துவிட்டார். எனக்கும் ஒன்று எடுத்து வைத்திருந்தார். சாப்பிட்டேன். பசி.


பிப்ரவரி 1, வியாழன்

அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தாளாளரைப் பார்க்கப் போனேன். நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்க டீச்சர், வாங்க. பையன் ஜமாய்ச்சுட்டான்."

"அதப் பத்தித்தான் சார் பேச வந்தேன். எங்க ஸ்கூல் பிள்ளைக்கு அநியாயம் நடந்திருக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒங்க பையன் ஃபர்ஸ்ட்டு. நீங்களே வந்து அநியாயம்கிறிய. இப்படி ஒரு கம்ப்ளைண்ட்ட நான் பாத்ததே இல்ல."

"சீக்கிரம் குடுக்கணும்னு வெளி ஸ்கூல் பிள்ளைகளுக்குச் சொன்னியளா சார்?"

"ஹால்ல அனவுன்ஸ் பண்ணோமே."

"நான் ஜன்னல் பக்கத்துலதான் நின்னேன். யாரும் ஒண்ணும் சொல்லல."

"அப்படியா? எழுத்து மூலமாக் குடுங்க, கமிட்டியில வைப்போம்."

கமிட்டி என்பது அவர், அவர் மனைவி, அவர் மச்சினன். வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் போய்ச் சொல்லும்? அங்கேயே ஒரு பேப்பர் வாங்கி மனு எழுதினேன். 'வெளிப் பள்ளிகளைச் சேர்ந்த எவருக்கும் இந்த விதி தெரியாது' என்ற வரியை அடிக்கோடிட்டேன். நேர்மையாக ஒரு வார்த்தை எழுதினால் மனசுக்கு எவ்வளவு பலம்.

வரும் வழியில் நிலவனின் ஷூவுக்கு பாலிஷ் வாங்கினேன்.


பிப்ரவரி 3, சனி

இவரோடு சண்டை.

"ஊரே கை தட்டுது. நீ மட்டும் ஒப்பாரி வைக்கிற. ஒம் பிள்ளை ஜெயிச்சது ஒனக்கே பொறுக்கலையா?"

"அவன் ஜெயிச்சது சரியில்லங்கேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு கணக்கு கூடச் சரி. அதுக்கு விதி தெரியாது."

"யாரு தெரியவிடாமப் பண்ணா? அவந்தான் அன்னைக்குச் சாப்பிடும்போதே சொன்னானே. ஒனக்குக் கேக்கலையாக்கும்?"

சாப்பிடும்போது அவன் ஆயிரம் சொல்லுவான். டைனோசர் முட்டை போட்டதைச் சொல்லுவான், பக்கத்து பெஞ்சுப் பையனுக்குப் பல் விழுந்ததைச் சொல்லுவான். அத்தனையையும் காதில் வாங்கிக்கொண்டிருந்தால் நான் எப்போது சாப்பிடுவது? பேச்சைத் திருப்பிவிடுவதில் இவரை மிஞ்ச ஆளில்லை. தோசைக் கரண்டியைப் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

நிலவன் கதவோரமாக நின்று, "நான் ஜெயிச்சது தப்பாம்மா?" என்றான். போய்ப் படி என்றேன்.


பிப்ரவரி 6, செவ்வாய்

இசக்கி ஒன்றும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் போர்டில் எழுதும்போது முந்திக்கொண்டு விடை சொல்வதுமில்லை. காய்ச்சலாக இருக்குமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை.

அவளிடம், "டீச்சர் விடமாட்டேன், மேல எழுதிப் போட்டிருக்கேன்" என்றேன். தலையை ஆட்டினாள்.


பிப்ரவரி 10, சனி

பரிசளிப்பு விழா. எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் படுக்கவும் முடியவில்லை.

கமிட்டி என் மனுவுக்கு ஒரு வரி பதில்கூடப் போடவில்லை. இவர் புதுச் சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நான் இசக்கியோடும் சண்முகக்கனியோடும் நடுவில் உட்கார்ந்தேன். பெற்றோர் வரிசைக்கு வரச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள், போகவில்லை. சண்முகக்கனி தீப்பெட்டி ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். "நீங்க மனு குடுத்திருக்கியன்னு பிள்ளை சொல்லிச்சு. ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்தப் பாடு, சொந்தப் பிள்ளைக்கு எதிரா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிறப்பு விருந்தினர் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். சும்மா கோப்பையைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். நிலவனைத் தோளில் பிடித்து நிறுத்தி, மைக்கை அவன் உயரத்துக்குத் தாழ்த்தினார்.

"என்னப்பா, எப்படி இவ்வளவு ஸ்பீடா முடிச்ச? எங்களுக்கும் அந்த ரகசியத்தச் சொல்லேன்."

"முடிக்கல சார். நாலு கணக்கு தெரியல. விட்டுட்டேன்."

கூட்டம் சிரித்தது.

"தப்பாப் போட்டா மார்க்கப் பிடிச்சிருவாங்க சார். சீக்கிரமாக் குடுத்தா, சமமா வந்தாலும் நாமதான் ஃபர்ஸ்ட்டு. மிஸ் கிளாஸ்ல சொன்னாங்க."

தாளாளர் முகம் சுருங்கியது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். கேட்டீர்களா எல்லாரும், பிள்ளை வாயாலேயே வந்துவிட்டது என்று கத்தப் போனேன். அதற்குள் அந்த மேனேஜர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"கிளாஸ்லயா? அப்போ வெளிய இருந்து வந்த பிள்ளைகளுக்கு யாரு சொன்னா?"

நிலவன் கூட்டத்தில் என்னைத் தேடினான். நான் நின்றுகொண்டிருந்ததால் சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டான்.

"எங்க அம்மாட்ட சொன்னேன் சார். அவங்க டீச்சர். இசக்கிகிட்டச் சொல்லிருவாங்கன்னு நினைச்சேன்."

தாளாளர் மைக்கைப் பிடுங்காத குறை. "பாத்தியளா! டீச்சருக்கே முன்னாடியே தெரிஞ்சிருக்கு. யாருக்கும் தெரியாதுன்னு அடிக்கோடு போட்டு மனுக் குடுத்தவங்களும் அவங்கதான்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன்.

சின்னப் பையனை மேடையில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்வது என்ன நாகரிகம்? ஒரு பெண்ணின் மனுவைச் சபையில் எடுத்துப் படிப்பது என்ன பண்பாடு? அந்த மைக்கும் சரியில்லை. மற்றவர்கள் பேசும்போதெல்லாம் கரகரவென்று இரைந்தது, நிலவன் பேசும்போது மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டது.

இசக்கி மேடைக்குப் போய் இரண்டாம் பரிசு வாங்கிக்கொண்டு வந்தாள். சுவர்க் கடிகாரம். சண்முகக்கனி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். விழா முடிந்ததும் இரண்டு பேரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை வேகமாக நடந்தேன். பஸ் போய்விட்டிருந்தது.


பிப்ரவரி 11, ஞாயிறு

துணி துவைத்தேன். போர்வை, திரைச்சீலை, எல்லாம்.


பிப்ரவரி 13, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். நிலவனுக்குக் கிடைத்த இலவசப் படிப்பை இசக்கிக்கு விட்டுக்கொடுக்கிறோம். இவர் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், வீட்டில் அமைதியாவது கிடைக்கும். நிலவனிடம் கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் "குடுத்துருவோம்மா" என்றான்.

தாளாளர் மறுத்துவிடுவார் என்று நினைத்து, என்னென்ன கேட்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். அவர் மறுக்கவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்.

"தாராளமா டீச்சர். எங்க டிரஸ்ட்டோட பெருந்தன்மைன்னு பேப்பர்ல குடுத்துருவோம். ஞாயித்துக்கெழமை பிள்ளையையும் அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, ஃபோட்டோ எடுக்கணும். புதுத் துணியெல்லாம் போட வேண்டாம். பாத்தா கொஞ்சம் எரக்கம் வரணும்லா?"

அங்கேயே மேஜையைக் கவிழ்த்திருக்க வேண்டும். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். சீட்டு கிடைக்கிறது, ஏழு வருஷம் பிள்ளை கவலையில்லாமல் படிக்கும். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன். என்னைப் போல யார் செய்வார்கள்?


பிப்ரவரி 14, புதன்

சாயங்காலம் இசக்கி வீட்டுக்குப் போனேன். சண்முகக்கனி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "டீ போடவா டீச்சர்?" என்று கேட்டாள். மரியாதையில் ஒரு குறையுமில்லை. அதுதான் என்னவோ போலிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். ஃபோட்டோவைப் பற்றியும் சொன்னேன். சண்முகக்கனி மகளைப் பார்த்தாள். "ஒன்னயத்தான கேக்காங்க. நீயே சொல்லு."

"வேண்டாம் டீச்சர்" என்றாள் இசக்கி.

"ஏன்மா வேண்டாங்கிற? பன்னெண்டாவது வரைக்கும் சும்மா படிக்கலாம்."

"நான் இருபத்தாறு சரி. நிலவன் இருபத்தஞ்சு. தோத்தவங்களுக்குத்தான் விட்டுக்குடுப்பாங்க. நான் தோக்கல."

சண்முகக்கனி நிதானமாகச் சொன்னாள். "எங்க தீப்பெட்டி ஆபீஸ் வேன் பெரிய ஸ்கூல் வாசல் வழியாத்தான் போகுது டீச்சர். டிரைவர்கிட்டப் பேசி வச்சுட்டேன். நான் வேலைக்குப் போம்போது எறக்கி விட்டுட்டுப் போயிருவேன். அது படிச்சிரும்."

எனக்குத் தாங்கவில்லை. இந்தப் பிள்ளையை இந்த நிலைமைக்குக் கொண்டு வந்துவிட்டார்களே என்று ஆரம்பித்துவிட்டேன். தாளாளரைத் திட்டினேன். விதியை ஆங்கிலத்தில் போட்டவனைத் திட்டினேன். வகுப்புக்குள் ரகசியம் பேசிய ரெஜினா மிஸ்ஸை, மைக்கைத் தாழ்த்திய பேங்க் மேனேஜரை, ஜாங்கிரி வாங்கிக் கொடுத்த என் வீட்டுக்காரரை, ஒருத்தரையும் விடவில்லை. இசக்கி கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

பிறகு சொன்னாள், "நிலவன் அன்னைக்கே மேடைக்குப் பின்னால வந்து சாரி சொல்லிட்டான் டீச்சர். ரெஜினா மிஸ்ஸும் கையப் பிடிச்சுச் சொன்னாங்க. நீங்க மட்டுந்தான் இன்னும் எல்லாரையும் ஏசிக்கிட்டே இருக்கிய."

"பெரியவங்ககிட்ட இப்படியாட்டி பேசுவ?" என்று சண்முகக்கனி அதட்டினாள். அதட்டலில் வேகமில்லை.

டீயை முழுக்கக் குடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன். நேரம் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து சோறு வடித்து, எல்லாருக்கும் போட்டு, பாத்திரம் விளக்கியாயிற்று. இந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு யாரைத் திட்டி எழுதுவது என்று தெரியவில்லை.